வானத்தைத் திட்டாதீர்கள்
வானொலி கேள்வி-பதில்

கே: சித்திரை விடியற்காலையில் எஃப்.எம்.மில் இலங்கை நிலையம் கணீரென்று விழுகிறது. வெயில் ஏறினால் காணோம். ரேடியோவில் கோளாறா? (புதுச்சேரி)

ப: கோளாறில்லை, கொடுப்பினை. எஃப்.எம். அலை அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் போகாது. ஆனால் கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் நிலத்தின் சூடான, வறண்ட காற்று படிந்தால், அலை மேலே தப்பாமல் கீழ்நோக்கி வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும். வெயிலில் காற்று கலந்ததும் அடுக்கு கலைந்துவிடும். கிடைக்கும்வரை கேளுங்கள்.

கே: இரவில் மட்டும் மீடியம் வேவில் வேறு மொழி நிலையம் குறுக்கே வருகிறது. ஆன்டெனாவை முழுக்க இழுத்தும் பயனில்லை. (தஞ்சாவூர்)

ப: இருக்காது. மீடியம் வேவுக்கு ஆன்டெனா, பெட்டிக்குள் கிடக்கும் ஃபெரைட் தண்டு. பெட்டியையே திருப்புங்கள். 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் உள்ள ‘டி’ அடுக்கு பகலில் அந்த அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அடுக்கு கரைய, அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்புகிறது. தூரத்து நிலையம் வருவது அப்படித்தான்.

கே: மழையில் டி.டி.எச். போய்விடுகிறது. பூஸ்டர் வாங்கலாமா? (நாகர்கோவில்)

ப: வேண்டாம். அடைமழைக்குப் போனால் பொறுங்கள். தூறலுக்கே போனால் டிஷ்ஷின் திசையைச் சரிபாருங்கள்.

கே: ஐப்பசி பிறந்தாலே மீடியம் வேவில் ஓயாத இரைச்சல். வானிலைக்கு ஏற்ற ரேடியோ உண்டா? (விழுப்புரம்)

ப: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள் ஐயா! மின்னல் தொடர்ந்து இரையாது. ‘சடக்... சடசட’ என்று விட்டுவிட்டு வெடிக்கும். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டினாலும் கேட்கும். அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஓயாமல் ‘ர்ர்ர்’ என்றால் அது வீட்டுச் சத்தம்: மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். மழை நாளில் பகலிலேயே விளக்கைப் போட்டுவிட்டு மேகத்தைத் திட்டுகிறோம். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, இன்வெர்ட்டரையும் மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். இரைச்சல் நின்றால், ஒவ்வொன்றாகப் போட்டுத் திருடனைப் பிடியுங்கள். நிற்கவில்லையா? பக்கத்து வீட்டுக்காரரிடம் நயமாகப் பேசுங்கள். புது ரேடியோ வாங்கினால் அதே இரைச்சலைப் புதுப் பெட்டியில் கேட்பீர்கள், அவ்வளவுதான்.

கே: பட்டப்பகலில் சிற்றலை நிலையங்கள் மொத்தமாகச் செத்து, அரைமணியில் திரும்பின. பெட்டியைப் பிரித்துப் பார்க்கட்டுமா? (மதுரை)

ப: சூரியனில் வெடிப்பு நிகழ்ந்திருக்கும். இந்த முறை குற்றம் வானத்தின் மேல்தான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்.