பட்டத்தில் தொங்கும் கேமரா

கோலா தெர்லாவின் தேயிலைச் சரிவுகளை மேலிருந்து படமெடுக்க டிரோன் தேவையில்லை. ஆர்தர் பட்டூ என்ற பிரெஞ்சுக்காரர் 1888இலேயே பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்தார்.

பட்டம் இரண்டு மீட்டர் உயர ரொக்காக்குவாக (ஜப்பானிய அறுகோணப் பட்டம்) இருக்கட்டும். மலாய்ப் பட்டமான வாவ் பூலான் அழகுதான். சுமை தூக்க நான் அதை எடுப்பதில்லை. கயிறு 70 கிலோ தாங்கும் பின்னல் டாக்ரான். நைலான் இழுபடும், வேண்டாம். தோல் கையுறை இல்லாமல் கயிற்றைத் தொடவே கூடாது.

அலுமினியப் பட்டையை 'ட' போல வளைத்து, கால் அங்குல ஸ்குரூவால் சிறிய கேமராவைப் பொருத்துங்கள். காப்புக்கு இன்னொரு நூலும் கட்டுங்கள்.

எல்லோரும் தடுமாறுவது கேமராவைத் தொங்கவிடும் இடத்தில்தான். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் ஊசலாடிப் படமெல்லாம் மங்கிவிடும். 1912இல் பியேர் பிக்காவே என்பவர் கண்ட வழியே சரி. 25 செ.மீ. குச்சிகள் இரண்டைக் குறுக்காகத் திருகி, நான்கு முனையிலும் வழுவழுப்பான வளையம் மாட்டுங்கள். நடுவில் கேமராச் சட்டம். பட்டக் கயிற்றில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகள். ஒன்பது மீட்டர் மெல்லிய நூலை முன்கொக்கியில் கட்டி, முதல் வளையம், பின்கொக்கி, எதிர் வளையம், முன்கொக்கி, மூன்றாம் வளையம், பின்கொக்கி, நான்காம் வளையம் என ஓட்டி, முன்கொக்கியிலேயே முடியுங்கள். வளையங்களில் முடிச்சே கூடாது, நூல் தாராளமாக ஓட வேண்டும். அப்போதுதான் பட்டக் கயிறு சாய்ந்தாலும் கேமரா மட்டமாக நிற்கும். வீட்டிலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, ஒரு பக்கத்தை உயர்த்திப் பாருங்கள். குறுக்குச் சட்டம் சாய்ந்தால் கோத்த வரிசை தப்பு; பிரித்து மறுபடி கோத்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே மலைக்குப் போகாதீர்கள்!

கேமராவை ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுக்குமாறு வையுங்கள், ஷட்டர் 1/1000 விநாடி. மூடுபனி ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். காற்று முகத்தில் அடிக்கும் சரிவில் நில்லுங்கள். முகட்டுக்குப் பின்னால் காற்று சுழன்று பட்டத்தைக் குப்புறத் தள்ளும். மின்கம்பிப் பக்கமும், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைப் பக்கமும் போகவே வேண்டாம். தோட்ட அலுவலகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள்.

பட்டம் முதலில் தனியாக ஏறட்டும். 30 மீட்டர் கயிறு விட்டுப் பத்து நிமிடம் ஆடாமல் நின்றால் மட்டுமே கேமராவை மாட்டுங்கள். இறக்கும்போது கயிற்றைச் சுற்றி மல்லுக்கட்டாதீர்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க, மற்றவர் கையுறைக் கையால் கயிற்றைக் கீழே அழுத்தியபடி பட்டத்தை நோக்கி நடந்தால் போதும், கேமரா கைக்கெட்டும் உயரத்துக்குத் தானே இறங்கிவிடும்.