உப்புக்கண்டம் உடம்புக்கு ஆகுமா?

கேள்வி: மாமியார் ஊரிலிருந்து உப்புக்கண்டம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பச்சைக் கறியைவிடச் சத்து என்கிறார். கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. கொடுக்கலாமா?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி நிஜம். பச்சை ஆட்டுக்கறியில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் அது வற்றுவதால், அதே 100 கிராமில் புரதமும் இரும்புச்சத்தும் கூடுதலாக இருக்கும். மசாலாவை விட்டால், புதிதாகச் சேர்ந்தது உப்புதான்.

உப்புக்கண்டம் போட, கொழுப்பில்லாத கறியாகப் பார்த்து வாங்கி, உப்பு, மஞ்சள், பூண்டு, மிளகாய் அரைத்த விழுதில் புரட்டி, கோணி ஊசியால் கயிற்றில் கோத்து, கொடியில் மாலை மாலையாகத் தொங்கவிடுவார்கள். காக்கா விரட்டுவது பிள்ளைகளின் வேலை. நாலைந்து வெயில் கண்டதும் கறி கருத்து, தட்டினால் 'டக்'கென்று சத்தம் வரும். ஈரமும் இல்லை, உப்பும் நிறைய என்றால் கிருமி பெருகுவது சிரமம். கொழுப்பு ஒட்டியிருந்தால்தான் சிக்குவாடை அடிக்கும்.

சிக்கல் அந்த உப்பில்தான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. உப்பிட்டுப் பதப்படுத்தியதும் அதில் அடக்கம். தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. எப்போதாவது ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது வேறு கணக்கு.

கணவருக்கு? அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அம்மியில் தட்டி நல்லெண்ணெயில் வறுத்து இரண்டு துண்டு வையுங்கள். அன்றைக்கு ரசத்தில் உப்பைக் குறையுங்கள். கட்டுக்குள் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். அவர் பங்கையும் நீங்களே தின்றுவிட்டு, ருசியாக இருந்தது என்று மாமியாருக்குப் போன் செய்துவிடுங்கள்.