கொழுப்பு மாத்திரையும் இரத்தச் சர்க்கரையும்

தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் வாடிக்கையாளர் பலர், நீரிழிவு மருந்துடன் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் உட்கொண்டு வருகின்றனர். அது சர்க்கரையை ஏற்றிவிடும் என்று அஞ்சித் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு.

அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. இன்சுலினின் சுரப்பையும் செயல்திறனையும் சிறிது தளர்த்தவும் கூடும். ஆயினும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு பெரும்பாலும் 0.1 அளவே உயர்கிறது. அதாவது, 7.2 என்றிருந்தது 7.3 ஆகலாம். மருந்தின் அளவு மிகுந்தால் உயர்வும் சற்று மிகலாம்.

கிடைக்கும் நன்மையோ பெரிது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டாம் வகை நீரிழிவுடைய 2,838 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. நாள்தோறும் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் உட்கொண்டோரிடம், மருந்தற்ற மாத்திரை பெற்றோரைவிட இத்தகைய பெரும் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்திருந்தன.

ஆகவே, மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. தொடங்குமுன் ஒரு முறையும் மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு முறையும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை செய்து, இரு சீட்டுகளையும் குடும்ப மருத்துவரிடமோ சயான் மருத்துவமனையிலோ காட்டுங்கள். சிறு உயர்வை உணவாலும் நடைப்பயிற்சியாலும் நீரிழிவு மருந்தின் மாற்றத்தாலும் சரிசெய்யலாம். பெரிய உயர்வாயின், விடுபட்ட மருந்து, நோய்த்தொற்று, மாலைநேர வடா பாவ், இனிப்புத் தேநீர் ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.