அழுகையும் எழுத்தும் – சிறுவர் திரைப்படங்கள் தரும் பாடம்

‘கட்டுரை எழுதுக’ என்றவுடன் நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவன பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று பெட்டிகள் இருக்கும். பிள்ளை தன் கண்ணால் கண்டதற்கு அவற்றில் இடம் இராது. சிறுவர் திரைப்படங்களில் வரும் துயரக் காட்சிகள் இக்குறையைத் தீர்க்கத் துணைசெய்யும் என்பது நான் பழகி அறிந்த உண்மை. அதனைப் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது புதுமையான எண்ணமன்று. அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ (1921), பிரெஞ்சுப் படமான ‘தி ரெட் பலூன்’ (1956) முதலியன திரையிடப்பட்டன. படம் முடிந்தபின் கலந்துரையாடுவதும் விமர்சனம் எழுதுவதும் அத்திட்டத்தின் பகுதிகளே. என்ன கேட்டால் பிள்ளை எழுதும் என்பதே நாம் சிந்திக்க வேண்டுவது.

இதற்குத் தொல்காப்பியம் வழிகாட்டுகிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். இளிவு பிறரால் இகழப்படுதல்; இழவு உரியவரையோ உரியதையோ இழத்தல்; அசைவு முன்னிருந்த நல்ல நிலை கெடுதல்; வறுமை இல்லாமை. இந்நான்கும் சிறுவர் படங்களில் உள்ளன. ‘காக்கா முட்டை’ (2015) படத்தில், புத்தாடை அணிந்து பீட்சா கடைக்குச் சென்ற சிறுவன் அறை வாங்குவது இளிவு. வீடு திரும்பினால் ஆயா இறந்து கிடப்பது இழவு. அவர்கள் ஏறி விளையாடிய மரம் வெட்டப்பட்டு அவ்விடத்தில் கடை எழுவது அசைவு. ஈரானியப் படமான ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) கதையில் அண்ணனும் தங்கையும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுவது வறுமை. ஆகவே, “எதனால் அழுகை வந்தது?” என்று பிள்ளைகளைக் கேட்டால் நான்கு வேறு விடைகள் கிடைக்கும், நான்கு வேறு கட்டுரைகளும் பிறக்கும்.

செங்கற்பட்டில் பயிலும் நான், விடுமுறை நாட்களில் மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இப்படங்களை மடிக்கணினியில் காட்டி எழுதச் சொன்னபோது மூன்று விதிகள் வைத்தேன்.

முதலாவது, சோகம், துக்கம், கண்ணீர் என்னும் சொற்களை எழுதக் கூடாது. கண்ட பொருளையே எழுத வேண்டும். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியைப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். பசு தன் கன்றை நக்குகிறது. சிற்பி அருகில் ‘அன்பு’ என்று பொறித்து வைக்கவில்லை. இதைச் சொன்னவுடன் விதி அவர்களுக்கு விளங்கிவிட்டது.

இரண்டாவது, படத்தைத் துயர இடத்தில் நிறுத்தி எழுதச் சொன்னாலும் அன்றே முடிவையும் காட்டிவிட வேண்டும். ‘தி கிட்’ படத்தில் குழந்தையை வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். வளர்த்தவன் கூரைகளின்மேல் ஓடித் துரத்துகிறான். அங்கே நிறுத்தி, “வண்டிக்குள் இருக்கும் குழந்தை எதைப் பார்க்கிறது?” என்று கேட்கலாம். ஆனால் குழந்தை மீட்கப்படுவதைக் காணாமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பக் கூடாது.

மூன்றாவது விதியே தலையாயது: சொந்தத் துயரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த கரை இது. அன்று சிறுவராய் இருந்தோரே இன்று இப்பிள்ளைகளின் பெற்றோர். “உன் வீட்டில் நடந்ததை எழுது” என்று இங்கே ஆணையிட ஆசிரியருக்கு உரிமை இல்லை. திரையில் வரும் ஆயாவைப் பற்றி மட்டுமே கேட்கலாம். தன் ஆயாவைப் பற்றி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் பிள்ளையின் விருப்பம்.

‘காக்கா முட்டை’ பார்த்த அன்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வெற்றுத் தாளையே நீட்டினாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், “அண்ணா, அந்தத் தாளைக் கொடுங்க” என்று கேட்டு வாங்கி நான்கு வரி எழுதினாள். தன் ஆயாவின் சுருக்குப்பை இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதில் இரண்டு ரூபாயும் காய்ந்த பாக்கும் இருக்கின்றன. தம்பி மிட்டாய்க்கு அழுதபோதும் அம்மா அந்த இரண்டு ரூபாயை எடுக்கவில்லை என்பதே அதன் செய்தி. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. “வகுப்பில் படிக்கட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாம்” என்றாள். படிக்கவில்லை. எழுதியதை இங்கே குறிப்பிட மட்டும் இசைந்தாள்.

அந்நான்கு வரிகளில் எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றை அன்று சிவப்பு மையால் திருத்தியிருந்தால், ஐந்தாவது வரி அவளிடமிருந்து வந்திராது. பிழை திருத்த அடுத்த வாரம் உண்டு.

அழவைப்பது எளிது, அதற்கு ஆசிரியர் தேவையில்லை, படமே போதும். அழுகைக்குக் காரணமான பொருளைக் கூர்ந்து பார்க்கவும், பார்த்ததைத் தன் சொல்லால் எழுதவும் பழக்குவதே ஆசிரியர் பணி. நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். பிள்ளை நீட்டும் வெற்றுத் தாளுக்குச் சுழியம் இடுமுன் ஒரு வாரம் காத்திருப்போமாக.