கடல் கடக்கும் இல்லறமும் அரசாங்க உதவியும்

கடல் வழியாகப் பிரியும் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் வழக்கமன்று என்பது தொல்காப்பியர் கூறும் விதி. நமது மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலோ, குறி சொல்லிப் பரிசில் பெறச் சென்றவள் சிங்கி. அவளைத் தேடி அலைபவன் சிங்கன். அவனை இடைமறித்து, “உன் வருவாய் யாது? மனைவியைக் காக்க வல்லையோ?” என்று வினவிய அரசு ஒன்றும் இல்லை. இக்காலத்து நிலை வேறு. தென்காசியில் மணமுடித்த பெண்ணொருத்தி டொரொண்டோவிலோ லண்டனிலோ வாழும் கணவனிடம் சேர விரும்பின், அந்நாட்டு அரசாங்கம் அவ்வினாவைத் தவறாது வினவும். கணவன் அரசாங்கத்தினிடம் உதவிப்பணம் பெறுபவனாயின், மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமை கெடுமோ? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா புதியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடு 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால், தம்மைத் தாமே பேண இயலாது பொதுமக்களுக்குச் சுமையாகக் கூடியவர் கரையிறங்குதலைத் தடுத்தது. இலங்கையில் 1949-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், விண்ணப்பிப்போர் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காத்தற்குரிய வருவாயோ தொழிலோ உடையராதல் வேண்டும் என விதித்தது. ஆகவே, வறுமைக்கும் குடியேற்றத்துக்கும் இடையே வேலி நாட்டும் எண்ணத்தைத் தமிழர் முன்னரே கண்டறிந்துளர்.

இனி, நாடுதோறும் விதி எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை நோக்குவோம்.

முதலாவது, கனடா. அங்கே மனைவியையோ கணவனையோ அழைப்பவர்க்குக் குறைந்தபட்ச வருவாய் இவ்வளவு என்னும் விதி பெரும்பாலும் இல்லை. ஆயினும், வறியோர்க்கு அளிக்கும் சமூக உதவிப்பணத்தைப் பெற்றுக்கொண்டிருப்பவர் அழைத்தற்கு உரியரல்லர். உடற்குறை காரணமாக அவ்வுதவி பெறுவோர்க்கு மட்டும் இத்தடை இல்லை. வேலையிழந்தோர் பெறும் காப்புறுதிப் பணம் சமூக உதவியாகக் கொள்ளப்படுவதன்று. அது முன்னரே சந்தா செலுத்திப் பெறுவது. அழைத்தவர், துணை நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்ற நாள்முதல் மூன்று ஆண்டு காப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தல் வேண்டும். அக்காலத்துள் துணை சமூக உதவி பெற்றால், அத்தொகை அழைத்தவர்மீது கடனாக நிற்கும். அது தீருமளவும் அவர் வேறொருவரை அழைத்தல் இயலாது.

இரண்டாவது, அமெரிக்கா. அங்கே பொறுப்பேற்போர் உதவி பெறுதல் ஒன்றே தடையாகாது. ஆனால், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்தம் வருவாய், அரசாங்கம் வெளியிடும் வறுமை வரம்பில் 125 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும். படைப்பணியிலுள்ளார் துணையை அழைக்குங்கால் 100 விழுக்காடு போதும். வறுமை கருதி அளிக்கப்படும் உதவிப்பணம் இக்கணக்கிற் சேராது. உழைத்துச் செலுத்திய சந்தாவின் பயனாக வரும் முதுமை ஓய்வூதியம் சேரும். குறை நேரின் மற்றொருவர் கூட்டுப் பொறுப்பாளராக நிற்கலாம்; சொத்தின் மதிப்பையும் காட்டலாம்.

வருகின்ற மனைவி தானே பொதுச்சுமையாவாளோ என்பது வேறு வினா. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, பிழைப்பின் பொருட்டு அவள் பெற்ற ரொக்க உதவியையும், அரசாங்கச் செலவில் நெடுங்காலம் விடுதிகளில் பேணப்பட்டதையுமே கருதியது, உணவுதவியைக் கருதவில்லை. 2025 நவம்பரில் இவ்விதியை நீக்குதற்கான முன்மொழிவு வெளியாயிற்று. ஆதலின், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

மூன்றாவது, பிரித்தானியா. 2012 ஜூலை 9 முதல் ஆண்டு வருவாய் 18,600 பவுன் வேண்டும் என விதித்த அவ்வரசாங்கம், 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்கட்கு அதனை 29,000 ஆக உயர்த்தியது. இங்கே வியப்பொன்று உண்டு. உடற்குறையுடையார்க்குரிய படியோ, அத்தகையோரைப் பேணுவார்க்குரிய படியோ பெறுபவர் இவ்வரம்பினின்று விலக்கப்படுவர். குடும்பம் போதிய அளவு வாழ வழியுண்டு எனக் காட்டினால் போதும். உதவி பெறுதல் தடையாகாததோடு, இங்கே வாயிலாகவும் அமைகின்றது காண்க.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். “உதவி பெறுகின்றானா?” என்று மட்டும் வினவுதல் போதாது. எந்நாட்டில், எவர், எவ்வகை உதவி பெறுகின்றார் என மூன்றாகப் பகுத்து வினவுதல் வேண்டும். இப்பகுப்பை அறியாமையால் இருவகைக் கேடு விளைகின்றது. ஒன்று, உதவி பெறுதலை மணப்பேச்சில் மறைத்தல். அதன் பயனாக, மணமான பெண் கணவன் நிலை மாறுமளவும் தாய்வீட்டிற் காத்திருக்க நேரும். மற்றொன்று, வீண் அச்சத்தால் நோயுற்றோரும் குழந்தைகளும் தமக்குரிய உதவியைக் கைவிட்டு வாடுதல். முன்னது வஞ்சம், பின்னது அறியாமை.

பெண்ணைப் பெற்றார் கருதத்தக்கது இன்னும் ஒன்றுண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் எழுதிக் கொடுத்த உறுதிமொழி மணமுறிவால் அழிவதில்லை. அமெரிக்காவில், மனைவி குடிமகளாகும்வரையேனும், ஏறக்குறையப் பத்தாண்டு உழைப்பு அவள் கணக்கிற் சேரும்வரையேனும் அப்பொறுப்பு நிற்கும். அவள் இறப்பினும், குடியிருப்புரிமை துறந்து நாட்டை நீங்கினும் ஒழியும். கணவன் கைவிடினும் சட்டம் அவனை எளிதில் விடாது என்பதை, அயல்மண்ணில் தனித்து நிற்கும் பெண் அறிந்திருத்தல் நலம்.

நம்மூர்ப் பெரியோர் மாப்பிள்ளையின் குலமும் கல்வியும் சம்பளமும் கேட்பர். அயல்நாட்டுச் சம்பந்தமாயின், அவர் பெறும் அரசாங்க உதவி யாது, அந்நாட்டு விதி யாது என்பவற்றையும் நாணாது கேட்பாராக. உதவி பெறுதல் இழுக்கன்று. அதனை மறைத்தலே இழுக்கு. கற்ற மாணவராகிய நாம், கேட்கத் தயங்கும் பெற்றோர்க்கு இவ்விதிகளைப் படித்து விளக்கும் கடன் பூண்டோமாதல் வேண்டும்.