சின்னத் திரையில் பொடி எழுத்தா? டெர்மினலைச் சரிசெய்வோம்

புது மடிக்கணினி வாங்கிய ஜூனியர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: “அண்ணே, டெர்மினலைத் திறந்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, என் கண்ணுல கோளாறா?” கண்ணைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு

13.3 அங்குலத் திரையில் 3840 x 2160 பிக்சல் இருந்தால், ஒரு அங்குலத்துக்குச் சுமார் 331 பிக்சல் வரும். ஆனால் விண்டோசும் பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்புகளும் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றுதான் ஆரம்பிக்கும். பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அப்படியானால் 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பிக்சல். 96 பிக்சல் திரையில் அது 4.2 மில்லிமீட்டர் உயரம். நம் திரையிலோ வெறும் 1.2 மில்லிமீட்டர்! அதுவும் மேல்கொம்பு, கீழ்வால் எல்லாம் சேர்த்து. இதை யாரால் படிக்க முடியும்?

தெளிவைக் குறைக்காதீங்க

பலரும் உடனே ரெசலூஷனைக் குறைத்துவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கலாகும். எல்சிடி திரையில் பிக்சல்கள் நிலையானவை; குறைந்த படத்தை இழுத்துப் பரப்பினால் ஓரங்கள் கலங்கும். காசு கொடுத்து வாங்கிய தெளிவும் வீண். அதற்குப் பதில் ஸ்கேல் அளவைக் கூட்டுங்கள். 250 விழுக்காடு வைத்தால் அதே 12 பாயிண்ட் எழுத்து 40 பிக்சலாகி, 3 மில்லிமீட்டர் உயரம் வரும். மடிக்கணினியைக் கிட்டத்தில் வைத்துத்தானே பார்க்கிறோம், அது போதும்.

“எழுத்து பெரிசானா இடம் பத்தாதே?” என்று கேட்கலாம். டெர்மினலில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். பல எழுத்துருக்களில் அது எழுத்தளவில் சுமார் 0.6 பங்கு. 40 பிக்சலுக்கு 24. 3840-ஐ 24-ஆல் வகுத்தால் 160 எழுத்து. 1978-இல் வந்த விடி100 டெர்மினலில் ஒரு வரிக்கு வழக்கமாக 80 எழுத்துதான். நமக்கோ அப்படி இரண்டு பக்கம் பக்கத்தில் பக்கத்தில்!

எழுத்துருவைச் சோதிப்போம்

அளவு மட்டும் சரியானால் போதாது. பூஜ்ஜியமும் பெரிய ஓவும், ஒன்றும் சின்ன எல்லும் பெரிய ஐயும் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள். வேறுபாடு பார்த்ததும் தெரியணும். லேபில் ஒரு முகவரியையோ கோப்பின் பெயரையோ தவறாகப் படித்துவிட்டு அழிக்கும் கட்டளையைத் தட்டினால், பல வார உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். டெர்மினலில் குப்பைத் தொட்டி கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்.

டெஜாவு சான்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் ப்ரோ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ மூன்றும் இலவசம். மூன்றிலும் பூஜ்ஜியத்துக்குள் ஒரு குறி இருக்கும். அடர்த்தியான திரையில் மெல்லிய எழுத்து இன்னும் மெலிந்து தெரியும். கறுப்புப் பின்னணியில் கண் வலித்தால், அளவைத் தொடாமல் ‘மீடியம்’ தடிமனுக்கு மாற்றிப் பாருங்கள்.

லினக்ஸில் வரைகலை இல்லாத கறுப்புக் கன்சோல் மட்டும் இந்த ஸ்கேலுக்குக் கட்டுப்படாது. அதற்கு டெர்மினஸ் எழுத்துருவின் மிகப் பெரிய அளவான 16 x 32-ஐத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் திரையின் நீள, அகலப் பிக்சல்களை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மூலைவிட்ட அங்குலத்தால் வகுங்கள்.
2. வந்த எண்ணை 96-ஆல் வகுங்கள். ஸ்கேல் அந்த மடங்குக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.
3. வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்து இருபது வரி படியுங்கள். கழுத்து தானாக முன்னால் போனால், இன்னும் ஒரு படி கூட்டுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் எழுத்து மங்கலாகவே தெரிந்தால், தாமதிக்காமல் கண் பரிசோதனைக்குப் போங்க. அந்தக் கோளாறைத் திரையின் ஸ்கேலால் சரிசெய்ய முடியாது.