வீடே பணியிடமாகும்போது

வீட்டிலிருந்து வேலை செய்வது சிவகாசி வட்டாரத்துக்குப் புதிதன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழில் வளர்ந்தபோது ஆலைகளோடு நில்லாமல் வீட்டுத் திண்ணைகளுக்கும் வந்தது. சமையலுக்கும் குழந்தைக்கும் இடையே பசைக்கிண்ணத்துடன் அமர்ந்து பெண்கள் பெட்டி ஒட்டினர். கூலி குரோசுக் கணக்கில். எனவே அவ்வேலைக்கு முடியும் நேரம் என ஒன்று இருந்ததில்லை. கை ஓய்ந்திருந்த பொழுதெல்லாம் வேலைப் பொழுதே.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய பிள்ளைகள் பலர் மடிக்கணினியுடன் ஊர் திரும்பினர். அன்னை குனிந்து பெட்டி ஒட்டிய அதே அறையில் மகனோ மகளோ குனிந்து திரையைப் பார்க்கிறார். கழுத்துவலியும் கண்ணெரிச்சலும் இருவருக்கும் பொது. முடிவில்லாத வேலை நேரமும் அப்படியே தொடர்கிறது.

இதனைச் சிறிய தொல்லையாகக் கருதிவிடலாகாது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதனை இன்னும் கவனமாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

பட்டாசு ஆலையைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே அறைகள் தனித்தனியே, இடைவெளி விட்டே கட்டப்பட்டிருக்கும். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பும் உண்டு. (எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு பொருள்! வெடிமருந்தை வீட்டுக்குள் வைத்து வேலை செய்வது சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை.) ஓரறையில் பற்றியது மறு அறைக்குத் தாவாதிருக்கவே அந்த இடைவெளி. வீட்டில் பணிபுரிவோர் பழக வேண்டியதும் இதுவே: பணிக்கும் இல்வாழ்வுக்கும் நடுவே இடைவெளி விடுதல்.

தனி அறை எல்லோருக்கும் வாய்க்காது. சுவரோரம் ஒரு மேசை போதும்; கட்டிலில் அமர்ந்து வேலை செய்வதை மட்டும் தவிர்க்கவும். அலுவலகப் பயணம் இல்லாமையால் இழந்த நடையை, பணிக்கு முன்னும் பின்னும் தெருவில் பத்து நிமிடம் நடந்து ஈடு செய்யலாம். பணி முடிந்ததும் கணினியை மூடிப் பையில் வையுங்கள். கைப்பேசியில் அலுவலகச் செய்திகளின் ஒலியை நிறுத்துங்கள். அவசரமென்றால் அழைப்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. பெட்டி ஒட்டும் அன்னையருக்கும் இது பொருந்தும். மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நில்லுங்கள்.

அமெரிக்க நேரத்துக்கு இரவில் விழித்திருப்போர், பகலில் இருட்டிய அறையில் நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்குதல் வேண்டும். விடுமுறை நாளிலும் அந்நேரத்தைப் பெரிதும் மாற்றவேண்டாம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற சொல் பெரும்பாலும் பெண்களை நோக்கியே எழுகிறது. மருமகள் கணினி முன் இருக்கும் நேரம் அவரது அலுவல் நேரம். அப்போது அடுப்படி வேலையை வேறொருவர் ஏற்கவேண்டும். அவர் வேலை முடிக்கும் நேரத்தைச் சுவர் நாட்காட்டியில் எழுதி மாட்டுங்கள். நாட்காட்டிக்கா சிவகாசியில் பஞ்சம்?

உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், விரல் மரத்துப்போதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் தோன்றினால், கையிலிருக்கும் வேலை முடியட்டும் எனக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.